காணிக்கையை வைத்துவிட்டுப் போனவர்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் சபையாரும் அப்பாவின் நற்குணங்களைப் படிக்க எதிர்பார்ப்பீர்கள். அவை இல்லாமல் இல்லை. ஆனால் அப்பா தம்மைப் பற்றி நினைத்தபோதெல்லாம் நினைத்தது ஒரே ஒரு காரியத்தைத்தான். அதை விட்டுவிட்டு மற்றதை எழுத மகளாகிய எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பிறந்தது திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால்கரைக் கிராமத்தில். தாத்தா பிறர் வயலில் கூலிக்கு உழைத்து, கடைசிக் காலத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினார். அவருக்குப் பின் மேல்பாதி அப்பாவுக்கும் கீழ்ப்பாதி அவருடைய தம்பிக்கும், அதாவது எங்கள் சித்தப்பாவுக்கும், வந்தது. அப்பா அந்த மேல்பாதியை வைத்தே குடும்பம் நடத்தினார், பிள்ளைகள் எங்களைப் படிக்கவைத்தார்.

தண்ணீர் அப்பா வயலைத் தாண்டித்தான் சித்தப்பா வயலுக்குப் போக வேண்டும். மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறைவைத்துப் பாய்ச்சிய ஒரு வருடம், சித்தப்பாவின் முறையன்று அப்பா மடையைத் திறக்கவில்லை. தம் நடவு காய்ந்துவிடுமே என்ற பயம். சித்தப்பாவின் நாற்றங்கால் கருகிப்போனது. அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

தாம் செய்ததற்கு நியாயம் சொல்லிக்கொண்டே அப்பா பல வருடம் ஓட்டினார். பிறகு எங்கள் ஊரில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. அறுத்த வயலில் பந்தல், காது கிழியும் ஒலிபெருக்கி. பலர் கதறி அழுதார்கள். அப்பா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காணிக்கை கொண்டுவந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், அதைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதை எடுத்துப் பிரசங்கியார் பேசினார். அப்பா கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. நெல் மூட்டையைத் தோளில் சுமந்து வந்து பீடத்தின் முன் இறக்கிய அப்பா, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே திரும்பி வெளியே நடந்தார். நேரே கும்பகோணம் பஸ் ஏறிவிட்டார். அங்கே சித்தி கதவைப் பாதி திறந்து, "அவங்க வெளிய போயிருக்காங்க" என்றாராம். அப்பா சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார்.

மற்றவர்கள் படைத்த காணிக்கைகளோடு அந்த மூட்டையையும் ஏலம் விடலாமா என்று போதகர் கேட்டபோது, "அது இன்னும் காணிக்கை ஆகலங்க ஐயா. அப்படியே இருக்கட்டும்" என்றார். மூட்டை ஆலயத்து மூலையில் கிடந்து எலிக்கு இரையானது. "உங்கப்பா ஆண்டவர்கிட்டயே நெல்ல அடமானம் வச்சுட்டாரு" என்று ஊரில் என்னைக் கேலி செய்தார்கள். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கும் அப்பா எழுந்து போகவில்லை. எல்லோரும் முழங்காலிடப் போகும்போது அவர் மட்டும் தலைகுனிந்து பெஞ்சிலேயே இருப்பார். எனக்கு மானம் போகும்.

"போய் வாங்கிக்குங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று காதோடு சொல்வேன்.

"தம்பி பாக்கலியேம்மா" என்பார்.

ஒவ்வோர் அறுப்பின் பண்டிகைக்கும் கும்பகோணம் போனார். சித்தி அதே பதிலைத்தான் சொன்னார். இங்கே வயலில், சித்தப்பா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்குத் தண்ணீர் விட்ட பிறகே அப்பா தம் பயிருக்குப் பாய்ச்சினார். யாரும் கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கேட்டதும், "தம்பி வந்தானா?" என்பதுதான். நாங்கள் ஆள் அனுப்பினோம். சித்தப்பா வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்த அத்தை மகன்களுக்கும், படுக்கையருகே நின்று ஜெபித்த போதகருக்கும், எங்களை அடுப்புப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கும் நன்றி. இவ்வளவையும் மறைக்காமல் எழுதச் சொன்னவர் அவர்தான்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். அது ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன் வந்தப்பல்லாம் நான் வீட்லதாம்மா இருந்தேன். உள்ள உக்காந்து, அவரு செருப்புச் சத்தம் தெருவத் தாண்டறவரைக்கும் கேட்டுக்கிட்டு இருப்பேன். இன்னொரு வருஷம் அலையட்டும்னு நெனச்சேன்."

"அப்பாவுக்கு உங்கமேல கோவமே இல்ல சித்தப்பா" என்றேன்.

"தெரியும்மா. அதான் தாங்க முடியல. அவருக்கு வந்து நிக்கறதுக்கு என் வாசலாவது இருந்துச்சு. நான் யாரு வாசல்ல போய் நிப்பேன்?"

இம்மலரைப் பெறுகிறவர்கள் துயரப்படும் குடும்பத்துக்காக ஜெபிப்பது வழக்கம். எங்களுக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது. இந்த முறை எங்கள் சித்தப்பாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

மூத்த மகள்