அரிசி வாளிக்குள் ஒரு வாவி

காத்தான்குடியில் சாரம், அதாவது லுங்கி, விற்கிறவரின் வீடு வாவிக் கரையோடு இருக்கிறது. என்னைவிட மூத்தவர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் அவரைக் காக்கா என்பேன். அவருடைய மனைவி எனக்கு அக்கா முறையில் ராத்தா. பழைய டேப் ரெக்கோடர்களைத் திறந்து துடைத்து ஓட வைப்பது என் விடுமுறை நாள் வேலை. அது தெரிந்துதான் காக்கா ஒரு நாள் கடையில் வைத்துக் கேட்டார்.

"தம்பி, என்ட கொம்பியூட்டர ஒருக்கா எழுப்பித் தருவியா?"

இளம் வயதில் அவர் வளைகுடாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் களஞ்சியம் பார்த்தவர். ஊருக்குத் திரும்பும்போது, கையில் தூக்கிச் செல்லும் சிறிய கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். விசைகளுக்கு மேலே நாலு வரி கொள்ளும் சாம்பல் நிறத் திரை. அதன் பக்கத்தில், தீப்பெட்டி அளவு கசெட் ஒன்றைப் போட ஒரு குழி. கணினியில் எழுதியதெல்லாம் அந்தக் கசெட்டின் நாடாவில்தான் பதியும். வந்த கிழமையே கரண்ட் கூடிக் குறைந்து அதன் அடப்டர் எரிந்துபோனது. பிறகு ஊரில் கரண்டே இல்லாத வருடங்கள் வந்தன. பெட்டி அலுமாரிக்கு மேலே போனது.

பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம் நான் போனேன். வாவி அசையாமல் கிடந்தது. வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் திரும்பி, வீட்டின் உள் கூரையில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"பவுன் மாலை கொண்டாருவாரெண்டு பார்த்தன் தம்பி," என்றார் ராத்தா. "இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்து இறங்கினார். கேட்டா, இதுக்குள்ள நம்மட ஆறு இரிக்காம். அண்டையிலிருந்து இண்டைவரைக்கும் இந்தக் கதைதான்."

வாவியை அவர்கள் பேச்சில் ஆறு என்பார்கள்.

"இரிக்கிகா. இண்டைக்குக் காட்டுறன்," என்றார் காக்கா.

"காட்டுங்க, பார்ப்பம். ஊரெல்லாம் சிரிச்சு முடிஞ்ச பொறகு நான் ஒராள்தான் பாக்கி."

அவர் சிரித்தார். ஆனால் அவருடைய விரல்கள் சாரத்தின் ஓரத்தைத் திருகியபடி இருந்தன. இந்தக் கசெட்டுக்கு இன்னொரு பிரதி கிடையாது. இன்று இது பேசாவிட்டால், அவர் பொய் சொன்னவராகவே இருந்துவிடுவார்.

கசெட் எங்கே என்று கேட்டேன். ராத்தா குசினிக்குள் போய் அரிசி வாளிக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்து வந்தார். வாவிக் காற்றின் ஈரம் பிடிக்காமலிருக்க அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாராம். அரிசி முடிந்து புதிது கொட்டும்போதெல்லாம் எடுத்து, மறுபடி வைத்திருக்கிறார். நம்பாதவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

ஈரம் பிடிக்கவில்லைதான். ஆனால் தவிட்டுத் தூள் உள்ளே போயிருந்தது. கடதாசியில் வைத்து மெல்லத் தட்டினேன். மா போல உதிர்ந்தது. மென்மயிர்த் தூரிகையால் பற்சக்கரங்களைத் துடைத்தேன். பிறகு கசெட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் நாக்கை முறித்தேன்.

காக்கா பதறினார். "என்னடாப்பா உடைக்கிறாய்!"

"இது இருந்தால் கை தவறி இதன்மேல் வேற ஒண்டு பதிஞ்சிரும், காக்கா. முறிச்சாப் பதியாது."

"ரெண்டு பேரும் சேர்ந்து இரிக்கிறதையும் இல்லாமலாக்கப் போறீங்க," என்றார் ராத்தா. ஆனால் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாடாவைத் தொட்டு வாசிக்கும் உலோகத் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயும்வரை காத்திருந்தேன். இளகிப்போயிருந்த ரப்பர் பட்டிக்குப் பதிலாக நான் கொண்டுபோன பட்டியை மாட்டினேன். என்னுடைய அடப்டரை மாட்டியதும் திரையில் ஒரு கறுப்புச் சதுரம் சிமிட்டியது. காக்கா கசெட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. முதலில் என்னிடமிருந்த வெறும் கசெட் ஒன்றைப் போட்டு ஓடவிட்டேன். நாடாவைத் தின்னும் குணம் பெட்டிக்கு இருந்தால், அது என்னுடையதைத் தின்னட்டும். தின்னவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடையதைப் போட்டேன். நாடா கீச்சிட்டுக்கொண்டே ஓடியது. வயல்வெளியில் அந்தியில் எழும் பூச்சிச் சத்தம் போலிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தோணி தன்பாட்டில் நகர்ந்து போனது. அந்தச் சத்தத்தில்தான் தோணி ஓடுகிறது போல எனக்குத் தோன்றியது.

அவர் எழுதியதின் முதல் பகுதி முழுதாகக் கணினிக்குள் வந்து சேர்ந்தது.

"ஓடவிடு, ஓடவிடு," என்றார் காக்கா.

"கொஞ்சம் பொறுங்க." நாடாவைத் தொடக்கம் வரை சுற்றிக் கசெட்டைக் கழற்றி, என்னுடையதைப் போட்டு, வந்த பகுதிக்கு ஒரு பிரதி எடுத்தேன். பழையதைத் திரும்பவும் உள்ளே வைத்த பிறகே, கணினிக்குள் வந்ததை ஓடவிட்டேன்.

புள்ளி புள்ளியாகத் திரையில் ஒரு கரை எழுந்தது. பிறகு மறு கரை. இடையில் மீன் பிடிக்க நட்ட கம்புகளின் வரிசை.

"இது படுவான்கரை," காக்கா இடப்பக்கம் விரலை வைத்தார். வயல்கள் உள்ள மேற்குக் கரை அது. "இது எழுவான்கரை. இது நம்மட துறை."

துறையில் ஒரு புள்ளி தனியாக நின்றது.

"இது என்ன?" ராத்தா குனிந்து பார்த்தார்.

"நீ."

"நான் இவ்வளவுதானா?"

"திரை சின்னன்கா."

வளைகுடாவுக்குப் போகுமுன் அவர் படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். அந்தியில் தோணியில் திரும்புவார்; ராத்தா துறையில் நிற்பாராம். இரண்டாம் பகுதியில் இருந்தது அந்தத் தோணி. கம்புகளில் முட்டாமல் அதைத் துறைக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் அவர் எழுதிய விளையாட்டு. அதை வாசிக்கக் கணினி தானாகவே நாடாவை முதல் பகுதி தாண்டி ஓட்டியது. கொஞ்சத் தூரத்தில் கீச்சுச் சத்தம் தடித்து, இழுபட்டது. நான் உடனே நிறுத்தினேன். ஓட்டம் மாறிய நாடாவை மேலும் ஓடவிட்டால் அறுந்துவிடும்.

"தோணி எங்க?" என்றார் ராத்தா.

"வரல்ல," என்றார் காக்கா. குரல் இறங்கிப் போயிருந்தது. "இன்னொருக்காப் போடு தம்பி. வந்திரும்."

இன்று வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ராத்தா அவருடைய கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம். நிக்கட்டும்." அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரியாத்தான் கீறியிரிக்கீங்க. நீங்க வெளிநாட்டுல இரிந்த வருசமெல்லாம் இப்படித்தான். ஆறு கிடக்கும், கம்பு நிக்கும், நான் நிப்பன். தோணி இல்ல."

நான் கசெட்டை மெதுவாகச் சுற்றி எடுத்து அதன் உறையில் போட்டேன். ராத்தா பழக்கத்தில் அதை வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினார்.

"அரிசிக்குள்ள வேணாம், ராத்தா. மூடியுள்ள போத்தல்ல போட்டு வைங்க. ஸ்பீக்கருக்குக் கிட்ட வைக்காதீங்க, அதிலுள்ள காந்தம் பதிஞ்சதை அழிச்சிரும்."

"அப்ப தோணி?"

"வேற நாளைக்குப் பார்ப்பம். பட்டி இன்னும் கொஞ்சம் இறுக்கமா வேணும்."

பள்ளிவாசலில் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. வெளியே இருட்ட இருட்ட, அதிலிருந்த வாவியும் மங்கிக்கொண்டு வந்தது. பிரதி பத்திரமாக இருப்பதால் இனி நிறுத்தலாம் என்றேன். இருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ராத்தா மேசை லாம்பைக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். துறையும் புள்ளியும் மறுபடி தெரிந்தன.

அடப்டரை அவர்களிடமே விட்டுவிட்டு நான் சைக்கிளை எடுத்தேன்.