மோதினார் நெஞ்சில் ஒரு ஒயர்

அசன் மைதீனுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து சம்சுன் நிஹாருக்குப் புருஷன் தொழுகைக்கு அழைத்துச் சொல்லும் பாங்குதான் கடிகாரம். மணமேல்குடிப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அவர். போன வருடம் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தவருக்கு மதுரையில் இடது தோளுக்குக் கீழே, தோலுக்குள் ஒரு பெட்டியை வைத்தார்கள். துடிப்பு கெட்டால் பெட்டி ஷாக் அடித்துக் காப்பாற்றும். அடித்தால் உடனே வரணும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பாங்கு சொல்லக் காதுக்குக் கையைத் தூக்கியபோது முதல் அடி விழுந்தது. மைக் முன்னாலேயே சுருண்டார். மதுரைக்கு யார் போனது? மௌத்து உயிரெடுக்க வாசல்வரை வந்து திரும்பிவிட்டது என்று பாத்திஹா ஓதி, தெரு முழுக்க நார்சாவாகப் பூந்தி கொடுத்தாள் நிஹார். அடுத்த அடிக்கும் பூந்தி. அதற்கடுத்ததற்கும். தின்றவர்களுக்கு இனித்தது, அடி வாங்கியவருக்கோ நெஞ்சில் மாடு உதைத்த மாதிரி. பாங்கை வேறொருவரிடம் விட்டார். சட்டை மாட்டக் கையைத் தூக்கவும் பயம், தூக்கமும் போயிற்று. அவரைப் பார்த்துப் பார்த்து அவளும் அலுத்துப்போனாள்.

"நிஹாரு, இப்படிப் பொழைக்கிறதுக்குப் போய்ச் சேந்துரலாம் புள்ள" என்றார் ஒரு நாள். கேட்டவள் அடுப்பை அணைத்துவிட்டு அவரை மதுரைக்கு பஸ் ஏற்றினாள்.

பெட்டியின் ஷாக்கை நிறுத்திவைத்துவிட்டு, "பாங்குக்கு எப்படிக் கை தூக்குவீங்க பாய்?" என்றார் டாக்டரம்மா. அசன் மைதீன் காதில் விரலை வைத்ததும், துடிப்பைக் காட்டும் திரையில் ஒழுங்காக ஓடிய கோடு கிறுக்கலானது.

"துடிப்பு நல்லாத்தான் இருக்கு. பெட்டியிலேருந்து நெஞ்சுக்குப் போற ஒயர்தான் உள்ளுக்குள்ள முறிஞ்சிருக்கு. கை அசையுறப்ப துடிப்பு கெட்டுருச்சுன்னு பெட்டி ஏமாந்து அடிச்சிருக்கு. ஒரு அடிகூட ஒங்களுக்குத் தேவைப்படல. மொத அடிக்கே வந்திருக்க வேணாமா?"

நிஹார் கொடுத்த பூந்தியை எண்ணிப் பார்த்தாள். அத்தனை நார்சாவும் முறிந்த ஒயருக்கா? அவருக்கோ கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"நாளைக்குப் புது ஒயர் போடுறோம். அதுவரைக்கும் நெஜமாவே துடிப்பு கெட்டாலும் பெட்டி அடிக்காது. இங்கேயே இருங்க, நாங்க பாத்துக்கிறோம்."

"அடிக்கவே அடிக்காதா?" அவர் கேட்டது அவ்வளவுதான்.

வார்டில் மத்தியான ளுஹர் தொழுதுவிட்டுச் சாய்ந்தவர் குறட்டை விட்டார். அவர் இப்படித் தூங்கிப் பல மாதமாயிற்று. நிஹார் கட்டிலோரம் உட்கார்ந்தாள். இனி இவர் நெஞ்சுக்குக் காவல் யார்? தலைமாட்டுத் திரையை நம்ப மனம் வரவில்லை. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

நர்ஸ் சாப்பிடச் சொன்னாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் நிஹார், கையை எடுக்காமல். "அவுக எந்திரிக்கட்டும்."