மிதந்த இலையான்

ஈக்கு எங்கள் வீட்டுப் பேச்சில் இலையான் என்று பெயர். ஒரு காலத்தில் எங்கள் வீடு நிறைய இலையான்கள் இருந்தன. குப்பையில் மொய்க்கிற சாதி அல்ல, சின்ன மாமா நூலாலும் இறகாலும் கட்டிய சாதி.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா சவூதியில் வேலை செய்தார். மாமா அம்மாவின் தம்பி. வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அனுப்புகிறேன் என்று சொன்ன ஆள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்க, மாமா பகல் முழுக்க யன்னலடியில் நின்றார். சண்டை நடந்த அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்த பெடியன் ஒருவன் கொழும்பில் வேலைவெட்டி இல்லாமல் நிற்பது நல்லதற்கல்ல. பொலிஸில் பதிந்த துண்டு இருந்தாலும், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலைத் தேடி அம்மா ஏறாத வாசற்படி இல்லை.

கடைசியில் பதில் எங்கள் மேல்மாடியிலிருந்தே இறங்கி வந்தது. அங்கே குடியிருந்த முஸ்லிம் வியாபாரியை ஒழுங்கை முழுவதும் நானா என்றுதான் கூப்பிடும். குளிர் நாடுகளில் சில பேர் தூண்டிலில் புழுக் கோர்ப்பதில்லையாம். முள்ளிலே பொய் இலையான் ஒன்றைக் கட்டி, தண்ணீருக்கு மேலே மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவார்களாம். அதை வாங்கி அனுப்புகிற ஒருவரை நானாவுக்குத் தெரியும். பொடி முள்ளுகளும், முள்ளைக் கவ்விப் பிடிக்கிற சின்ன இரும்பு இடுக்கியும், மாதிரிக்கு ஓர் இலையானும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மத்த சாமானெல்லாம் நீங்கதான் தேடிக்கணும் தம்பி," என்றார். "வடிவா இருந்தா மட்டும் பத்தாது. மிதக்கணும்."

அம்மா சும்மா இருப்பாவா? "வீட்டுக்குள்ள வாற இலையானை விரட்டவே எனக்கு நேரம் காணாது. நீ இருந்து புதுசாக் கட்டப் போறியே," என்றா. ஆனால் தன் நல்ல கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததும் அவதான்.

மற்ற ஆயுதங்களை மாமா வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தார். நூல் தளராமல் ஓடிவர, மை தீர்ந்த பேனையின் குழாய். இறகின் நுனியைப் பிடித்துச் சுற்ற, அம்மாவின் கொண்டைக் கிளிப். முடிச்சைச் சீராக்க, பென்சிலில் குத்திய தையலூசி. முடிச்சு அவிழாமல் மேலே பூச, நகப்பூச்சு. இலையானின் உடம்புக்கு மயிலிறகின் இழை வேண்டியிருந்தது. சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மயிலிறகு நின்றது. மாமா ஒவ்வொரு இழையாக இழுத்து, அது மொட்டையாகிப் போனபிறகுதான் அம்மா கண்டா. அன்றைக்கு மாமாவுக்குச் சோற்றோடு நல்ல பேச்சும் கிடைத்தது.

சிக்கல் வந்தது இறகில். மாமாவுக்கு மெதுமையான பேட்டுக்கோழி இறகில்தான் ஆசை. கட்டினால் அப்படி ஒரு வடிவு. ஆனால் தம்ளர் தண்ணீரில் போட்டவுடன் ஊறி அடிக்குப் போய்விடும். மாதிரி இலையானைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்த எனக்கு, அதன் இறகு விறைப்பாகக் குத்துகிறது என்று பட்டது. எங்கள் கோயில் வீதியில் யாரோ நேர்த்திக்கு விட்ட சிவப்புச் சேவல் ஒன்று உலாவித் திரியும். அம்மா சுற்றிக் கும்பிடுகிற நேரத்தில் அது உதிர்த்த கழுத்து இறகுகளைப் பொறுக்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன்.

"கோயில் சாமானை எடுக்கிறதே?" என்று அம்மா கேட்டா.

"சேவல் வேண்டாமெண்டு போட்டதுதானே அக்கா. முருகன் கோவிக்க மாட்டார்," என்றார் மாமா.

அந்த இறகில் அவர் கட்டிய முதல் இலையான் தம்ளருக்குள் நிமிர்ந்து நின்று மிதந்தது. அதை நான் என்னுடையதென்று எடுத்து என் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

இனி மிச்சம் இருந்தது, வயிற்றைச் சுற்றி வருகிற மினுக்கம். அம்மாவின் கூறைச்சேலையின் கரையில் நல்ல பொன்னிழை இருந்தது. மாமா அலுமாரிப் பக்கம் பார்த்த பார்வையிலேயே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "கூறையில கை வைச்சியோ, அந்த முள்ளை உனக்குத்தான் கொழுவுவன்," என்றா. எனவே மாமா பழுதாய்ப்போன வானொலி ஒன்றைப் பிரித்து, அதன் சுருளிலிருந்து தலைமயிர் போன்ற செம்புக் கம்பியை உருவி எடுத்தார். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "உந்த வயரை வீட்டில வைச்சிருக்காதை. பாக்கிறவங்கள் குண்டு கட்டுறமெண்டு நினைப்பாங்கள்," என்று சொல்லிக்கொண்டே இருந்தா. மாமா அதைப் பிஸ்கற் டின்னுக்குள் போட்டு மூடினார். மூடினால் போதும் என்று நினைத்தார், பாவம்.

ஒரு பள்ளிக்கூட விடுமுறைக் காலையில் ஒழுங்கையை ஆமிக்காரர் சுற்றி வளைத்தார்கள். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. நரைமீசை வைத்த சார்ஜன் ஒருவரும் இரண்டு ஆமிக்காரரும் உள்ளே வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் துண்டு எல்லாம் சரி. பிறகு டின் திறபட்டது. கம்பி, குழாய், ஊசி, நூல். சார்ஜன் கம்பிச் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மே வயர் எக்க மொகடத?" இந்த வயர் என்னத்துக்கு என்று மாமாவைத்தான் கேட்டார். மாமாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. அம்மாவுக்கு வருகிற கொஞ்சமும் அந்த நேரத்தில் ஓடிப்போய்விட்டது. ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பிடித்திருந்தவள் நான்தான்.

"மெஸ்ஸகே படட்ட, மாத்தயா," என்றேன். ஈயின் வயிற்றுக்கு.

ஆமிக்காரன் ஒருவன் சிரித்தான். சார்ஜன் சிரிக்கவில்லை. மீன் பிடிக்கிற ஈ, தண்ணீரில் மிதக்கும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. தம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து, டின்னில் மேலே கிடந்த இலையானைப் போட்டேன். அது மாமாவின் பேட்டுக்கோழி இலையான். நேரே அடியில் போய்ப் படுத்தது.

அம்மாவின் முகம் ஏன் அப்படிப் போனதென்று இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது எனக்கு வெட்கம் மட்டும்தான். ஓடிப்போய் என் பென்சில் பெட்டியிலிருந்து சேவலிறகு இலையானைக் கொண்டுவந்து விட்டேன். மிதந்தது. சார்ஜன் குனிந்து மெல்ல ஊதினார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் நிமிர்ந்து நின்றது.

பிறகு அவர் இலையானை எடுத்து உதறித் தன் சட்டைப் பைக்குள் போட்டார். மாமாவை வெளியே வரச் சொன்னார். டின்னை ஆமிக்காரன் தூக்கிக்கொண்டான்.

நானும் அம்மாவும் யன்னலடிக்கு ஓடினோம். ஒழுங்கை முகப்பில் லொறி நின்றது. பக்கத்தில் ஓர் இளம் அதிகாரி. டின்னைத் திறந்து கம்பியைக் கண்டவுடன் அவர் லொறியைக் கைகாட்டினார். மாமா ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கி வைத்தும்விட்டார். அம்மா முருகா முருகா என்று முணுமுணுக்கிறா. அப்போதுதான் சார்ஜன் பைக்குள் கைவிட்டு, என் இலையானை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஏதோ நீளமாகச் சொன்னார். உதட்டைக் குவித்து ஊதியும் காட்டினார். அதிகாரி அதைத் தொட்டுப் பார்க்க, முள் விரலில் குத்திவிட்டது. விரலைச் சூப்பிக்கொண்டு சிரித்தார். இலையானைத் தன் தொப்பியில் குத்திக்கொண்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஏக்க மகே," என்று கத்த வாயைத் திறந்தேன். அது என்னுடையது. வெங்காயம் மணக்கிற கையால் அம்மா என் வாயைப் பொத்தினா. மூச்சு முட்டும்வரை விடவில்லை. நான் திமிறி நிமிர்ந்து பார்த்தபோது மாமா டின்னோடு திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். கம்பி மட்டும் அவர்களிடம் நின்றுவிட்டது.

உள்ளே வந்தவர் நிலத்தில் அப்படியே இருந்தார். "அக்கா, ஒரு பிளேன்ரீ," என்றார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே ஏசினா. "சொன்னனான்தானே, வயர் வேண்டாமெண்டு? சொன்னனானோ இல்லையோ?" ஏச்சு பாதியில் அழுகையாகி, அழுகை சிரிப்பாகி, மாமாவும் சேர்ந்து சிரித்தார். பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த வீடு மாதிரி எங்கள் வீடு முழுக்க ஒரு லேசு வந்தது. மேலேயிருந்து நானா இறங்கி வந்து வாசலில் நின்று, "அல்லாஹ் காப்பாத்தினான்," என்றார். அன்று மத்தியானம் வெங்காயம் கறியாகவேயில்லை. பாணும் சீனிச்சம்பலும்தான் சாப்பிட்டோம். அதைப்போல ருசியான சாப்பாட்டை நான் பிறகு சாப்பிட்டதாக நினைவில்லை.

சாப்பிட்ட கையோடு அம்மா அலுமாரியைத் திறந்தா. கூறைச்சேலையை மடியில் விரித்து, கத்தரிக்கோலின் நுனியால் கரையைக் கிளப்பி, பொன்னிழையை உருவி மாமாவிடம் நீட்டினா.

"இந்தா. இதிலை கட்டு," என்றா.

மாமா வாங்கிக்கொண்டார். நான் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். கூறையைக்கூட வெட்டிக் கொடுக்கிற அம்மா, என் இலையானைத் திருப்பித் தா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது என் கோபம். அந்தச் சார்ஜனைக் கள்ளன் என்று சினேகிதிகளுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். எங்களுடையதைத் தன்னுடையதாகக் காட்டிப் பெரியவரிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டான் என்றும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தா. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், மாமாவின் பெயருக்குச் செய்த அர்ச்சனைக்குப் பிறகு இன்னோர் அர்ச்சனை செய்வித்தா. பெயரும் நட்சத்திரமும் ஐயர் கேட்டபோது, "தெரியாது ஐயா. ஒரு மீசைக்காரர்," என்றா. ஆரம்மா அது என்று நான் கேட்டுக்கொண்டே வீடுவரை வந்தேன்.