நெடுந்தீவில் இயந்திரத்தை நிறுத்தியவர்

புல் மாதிரிகளை உலர்த்தும் அடுப்பைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. யோகமலரின் தங்கை.

"அக்கா மோசம் போட்டா. இறுப்பிட்டிக்குத்தான் கொண்டு போறம். நீங்கள் வாங்கோ."

பல மாதங்களாக எதிர்பார்த்திருந்த சாவுச் செய்திதான். ஆனாலும் அடுப்பை மூட மறந்து, அதன் சூடு முகத்தில் அடிக்க அப்படியே நின்றேன்.

யோகமலரும் நானும் ஒரே ஆய்வுப் பிரிவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் சேர்ந்த இரு பெண்கள். தீவுகளின் வறண்ட மேய்ச்சல் நிலங்கள்தான் எங்கள் வேலை. மண்ணும் தண்ணீரும் அவருடையவை. புல்லும் பூண்டும் என்னுடையவை. யோகமலர் புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்தவர், இருந்தும் படகு புறப்பட்ட கணத்திலேயே வாந்தி எடுப்பார். "தீவாள் எண்டு வெளியில சொல்லிப் போடாதேயும்" என்று என்னிடம் கெஞ்சுவார். கரை இறங்கியதும் முகத்தைக் கழுவிவிட்டு முதல் ஆளாக நடப்பார். எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்றும் இருந்தது. புல்லைப் பார்த்தே நிலத்தின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பேன் நான். "உம்மட புல்லு ஒரு மழைக்குப் பொய் சொல்லும். தண்ணி சொல்லாது" என்பார் அவர்.

அவரை அறியாதவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, நெடுந்தீவில் மழை பொய்த்த அந்த ஆண்டைப் பற்றித்தான்.

தெற்குப் புல்வெளி கருகி, அடியில் கிடந்த சுண்ணக்கல் வெளியே தெரிந்தது. மாடுகள் எழும்ப முடியாமல் கிடந்தன. தீவில் கட்டற்றுத் திரியும் குதிரைகள் வீடுகளின் கல்மதில் வரை வந்து நின்றன. வெளிநாட்டிலுள்ள உறவினர் உதவியோடு, ஆழமாகத் துளையிட்டு இயந்திரத்தால் தண்ணீர் இறைத்துத் தொட்டிகளை நிரப்ப மாட்டுக்காரர்கள் முடிவு செய்தார்கள். முன்னின்றவர் செல்லத்துரை அண்ணை. யோகமலர் அவர்களுடைய கூட்டத்துக்கே போய் எழுந்து நின்றார்.

"அண்ணை, கீழ கிடக்கிறது கடல். அதுக்கு மேல மழைத்தண்ணி பாலாடை மாதிரி மிதக்குது. மெசின் போட்டு உறிஞ்சினால் உப்புத்தான் ஏறி வரும். பக்கத்துக் கிணறும் கெட்டுப்போகும்."

"மாடு நாக்கு வறண்டு கிடக்குது பிள்ளை. உம்மட பாடம் அதுக்கு விளங்காது" என்றார் செல்லத்துரை அண்ணை.

தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. இறைக்கும்போது அருகிலுள்ள கிணறுகளை அளக்கவாவது விடுங்கள் என்று யோகமலர் கேட்டார். விட்டார்கள்.

இயந்திரம் ஓடிய முதல் சில நாள் ஊரே சிரித்தது. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. யோகமலர் மட்டும் பக்கத்து வீட்டு இராசாத்தி அக்காவின் கிணற்றடியை விட்டு அசையவில்லை. சுற்றியிருந்த குடும்பங்கள் குடிக்க அள்ளிய நல்ல தண்ணீர்க் கிணறு அது. உப்பை அளக்கும் கருவியை இறக்குவார், பார்ப்பார், மீண்டும் இறக்குவார். ஒரு பிற்பகல் கருவியை என்னிடம் நீட்டினார். அளவு காலையில் கண்டதைவிட வெகுவாக ஏறியிருந்தது. இயந்திரத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

"ஏலாது. இண்டைக்கு நிப்பாட்டினால் நாளைக்கு மாடு விழும். நீங்கள் படகேறிப் போயிடுவியள்."

"நான் போகேல்லை. நிப்பாட்டுங்கோ."

யாரும் அசையவில்லை. யோகமலர் குனிந்து தாமே இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் மாடுகள் முட்டிமோதுவது மட்டும் கேட்டது. ஒருவர் மாட்டுத் தடியை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் யோகமலரின் கையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் ஆள் நகரவில்லை.

அப்போது இராசாத்தி அக்கா ஒரு செம்போடு வந்தார். எங்கள் பின்னாலேயே கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஓங்கிய தடியைக் கையால் விலக்கிவிட்டு, செல்லத்துரை அண்ணையிடம் செம்பை நீட்டினார்.

"அவவை அடிக்கிறது பிறகு. முதல் இதைக் குடிச்சுப் பாருங்கோ. என்ர பேரப்பிள்ளையளுக்கு இதைத்தான் குடுக்கச் சொல்லுறியளோ?"

அவர் ஒரு மிடறு குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்ப மாடு?" என்று கேட்டார்.

"ஆழமில்லாத குழியளா, அங்கங்க தள்ளித் தள்ளித் தோண்டுவம். ஒவ்வொண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக் கையால அள்ளுவம்" என்றார் யோகமலர்.

"காணாது."

"காணாது எண்டு எனக்கும் தெரியும் அண்ணை."

மழை வரும்வரை யோகமலர் நெடுந்தீவிலேயே தங்கினார். குழி தோண்டினார், வாளியில் அள்ளித் தொட்டிக்குச் சுமந்தார். உள்ளங்கை கொப்பளித்து வெடித்தது. ஒவ்வொரு குழியிலும் உப்பு ஏறுமுன் அடுத்ததுக்கு மாறச் சொன்னார். ஊரில் பாதிப்பேர் அவரோடு சேர்ந்து அள்ளினார்கள். பாதிப்பேர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். தண்ணீர் உண்மையாகவே போதவில்லை. மாடுகள் செத்தன. செல்லத்துரை அண்ணையின் கன்றீன்ற பசுவும் செத்தது. அதனருகில் குந்தியிருந்தவர் எங்களைக் கண்டதும் எழும்பினார்.

"இது ஆர் செய்த வேலை எண்டு தெரியுமோ?"

மழை இல்லாததால் வந்தது, விதி என்றெல்லாம் சொல்ல நான் வாயெடுத்தேன். யோகமலர் என்னை முந்திவிட்டார்.

"ஓம் அண்ணை. மெசினை நிப்பாட்டினது நான்தான்."

தங்குமிடம் திரும்பியதும் சுவரைப் பார்த்தபடி அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

இராசாத்தி அக்காவின் கிணறு மீண்டும் குடிக்கத் தக்கதாக ஆகச் சில மாரிகாலங்கள் சென்றன. இயந்திரம் இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருந்தால் அது மீண்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மழைவரை மாடுகள் பிழைத்திருக்குமா என்பதும் தெரியாது. யோகமலரும் தமக்குத் தெரியும் என்று ஒருபோதும் சொன்னதில்லை. ஒவ்வொரு கோடையிலும் வாந்தி எடுத்தபடியே போய் அந்தக் கிணறுகளை அளந்தார். செல்லத்துரை அண்ணை வழியில் கண்டால் சைக்கிளை வேறு ஒழுங்கைக்குத் திருப்புவார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "இராசாத்தி அக்காட கிணறு எப்பிடி?" என்று கேட்டார். நல்லது என்றேன். "எனக்காகச் சொல்லேல்லைத்தானே?" என்று என் முகத்தையே பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினார்.

இறுப்பிட்டி வீட்டில் அயலவர் சிலர் மட்டுமே இருந்தார்கள். அண்ணன் தம்பிமார் எல்லோரும் வெளிநாட்டில். காலைப் படகில் நெடுந்தீவிலிருந்து வந்த பெண்களும் முதியவர்களும் முற்றத்தில் அமர்ந்தார்கள். அவர்களை விட்டுத் தள்ளி, மதிலோரமாகச் செல்லத்துரை அண்ணை நின்றார். நான் அருகே போனேன்.

"எனக்கு இன்னும் கோவம்தான்" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. "அந்த மாட்டை நான் மறக்கேல்லை. ஆனால் பிள்ளை, எங்களுக்கு எத்தினை பேர் வந்து எத்தினை கெடுதல் செய்தவை. 'நான்தான்' எண்டு ஆரும் சொன்னதில்லை."

பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. தங்கையின் கணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செல்லத்துரை அண்ணை தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய், முன்பக்கம் தோளைக் கொடுத்தார். மற்றவர்களைவிடக் குள்ளமானவர், வயதும் ஆகிவிட்டது. பாடை அவர் பக்கமாகச் சரிந்தது. பின்பக்கம் தூக்கியிருந்த இளைஞர் ஒருவர் இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டபோது தலையசைத்து மறுத்துவிட்டார்.

பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றோம். கடற்காற்றில் புழுதி எழுந்தது. அந்த ஊர்வலம் ஒரு பக்கம் சரிந்தபடியே மெல்ல மெல்லப் போய், பனங்கூடல் வளைவில் திரும்பியது.

போயிட்டு வாரும், யோகமலர். கிணறுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.