இந்தச் சட்டைக்குக் கை எங்கே?

சலவை நிலையத்தில் அவளைக் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதும் ஒவ்வொரு வரியிலும் உப்புத் தூவுகிற மாதிரி கமா போடுவாள். மூச்சு விட்டால்கூட நடுவில் ஒன்று இருக்கும்.

துணி பிரிக்கும் இயந்திரத்தின் பழைய ப்ரோக்ராமைப் புது மொழிக்கு மாற்றுவது அவள் வேலை. பழைய மொழியில் கூடையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்: சட்டைக் கூடை என்றால் சட்டைதான், சட்டை ஹேங்கர்தான். புது மொழியில் அந்த வசதி கிடையாது. கூடை, துணி, ஹேங்கர், சூடு, சீட்டு என்று போகிற இடமெல்லாம் வரிசையாகச் சொல்லியாக வேண்டும். வரி நீண்டு திரையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பக்கத்துக் கட்டிடத்துக்கே போய்விடும் போலிருந்தது. கை கடுத்துப்போய் ஒருநாள், என்ன துணி, என்ன ஹேங்கர் என்று சொல்லாமல் ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்று எல்லா இடத்திலும் போட்டுவிட்டாள். ப்ரோக்ராமைப் படித்துப் பார்த்து, தப்பைக் கண்டால் சிவப்பாகக் கத்துகிற கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை.

இன்று நாலு மணிக்கு முதலாளி வெள்ளோட்டம் பார்க்க வருகிறார். சொதப்பினால் அவளுடைய எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போகும். வேலை வெளியாளுக்குப் போகும்.

மதியம் ஓட்டிப் பார்த்தாள். சட்டை வரிசையிலிருந்து இஸ்திரிக்காரர் குரல் கொடுத்தார்.

“கமாம்மா, இந்தச் சட்டைக்குக் கை எங்க?”

போய்ப் பார்த்தால், ஹேங்கரில் இரட்டைக் கட்டில் கம்பளி தொங்கியது.

“அது கம்பளிண்ணே.”

“அப்படியா. யாரோ குண்டான ஆளுன்னு நெனச்சேன். காலரைத் தேடியே அரை மணி போச்சு. கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலையா?”

“எதுவா இருந்தாலும் சரின்னு நான்தான் எழுதி வச்சேன்.”

“சாப்பாட்டுக்கு வீட்டுல அப்படிச் சொல்லித்தான், மூணு நாளா மிச்சத்தைத் தின்னுட்டிருக்கேன்.”

ஓடிப்போய் உட்கார்ந்தாள். கூடையிலிருந்து சீட்டு வரை ஐந்தையும் ஒரே கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு பெயர் வைத்தாள். சட்டைக்கு ஒரு கட்டு, கம்பளிக்கு ஒரு கட்டு. இனிமேல் கட்டின் பெயரைச் சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதற்குள்ளிருந்தே வரும். பிறகு ‘எதுவாக இருந்தாலும் சரி’யைத் தேடித்தேடி அழித்தாள். கம்பைலர் ஊரைக் கூட்டியது. நாற்பத்தொரு சிவப்புக் கோடு.

“என்னம்மா, திரையில வெட்டுக்குத்தா?”

“கத்தட்டும்ணே. ஒவ்வொரு கத்தலும் வழி தப்ப இருந்த ஒரு கம்பளி.”

கடைசிக் கோட்டைச் சரிசெய்தபோது படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது.

பெல்ட் ஓடியது. சட்டை வரிசைக்கு முதலில் வந்து சேர்ந்ததை இஸ்திரிக்காரர் விரித்துப் போட்டு எண்ணினார்.

“என்னய்யா எண்ணிட்டிருக்க?” என்றார் முதலாளி.

“கைங்கய்யா. ரெண்டும் இருக்கு.”

முதலாளி ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஒரு கம்பளிகூடத் தடம் மாறவில்லை. “வெளியாளை வர வேண்டாம்னு சொல்லிடுங்க” என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

கமா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நடுவில் ஒரு கமா இல்லை.