கடைசிப் பக்கத்தில் பிறந்தவா

காலையில் மகளின் ரீச்சர் போன் எடுத்தா. "பிள்ளையின்ர கொப்பி பற்றிக் கதைக்கோணும், ஒருக்கா வாங்கோ அம்மா."

ஸ்கந்தபுரத்தில் பஸ் ஏறி, கிளிநொச்சியில் பள்ளிக்கூட வாசலில் இறங்குவதற்குள், பிள்ளைகளுக்கு வரக்கூடிய அத்தனை குறைபாடுகளையும் போனில் தேடி வாசித்துவிட்டேன்.

'நான் விரும்பும் கலைஞர்' என்ற கட்டுரைக்கு மகள், மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை வரையும் ஒரு பெண்ணைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

ரீச்சர் கொப்பியை நீட்டினா. "பாருங்கோ. முதல் பக்கத்தில அவாக்கு வயது போயிட்டுது. அடுத்ததில பேரும் புகழும். பிறகு பள்ளிக்கூடம் போறா. கடைசிப் பக்கத்திலதான் பிறக்கிறா!"

பஸ்ஸில் வாசித்த பட்டியலில் இது எந்தக் குறைபாடு என்று மனதுக்குள் தேடினேன்.

பக்கத்தில் நின்ற மகள் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தாள். "மங்காவைப் பின்னுக்கிருந்துதான் வாசிக்கோணும் ரீச்சர். அவாவின்ர கதையையும் அப்பிடித்தானே எழுதோணும்?"

ரீச்சர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த கட்டுரை 'எனது அம்மா'வாம். "அதையும் பின்னுக்கிருந்தே எழுதடி" என்று சொல்லிவிட்டேன். நாலு பக்கத்துக்குள் முப்பது வயது குறையுதெண்டால் ஆருக்குத்தான் கசக்கும், சொல்லுங்கோ?