பரோட்டாக் கல்லில் வெந்த தேக்கு

இரும்புக்குச் சர்டிபிகேட் உண்டு. நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு வரும் ஒவ்வொரு லோடு கம்பியோடும் ஒரு காகிதம் வரும். அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கடினம் என்றெல்லாம் எழுதி, கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். மரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. விற்பவர் வாய்ச்சொல்தான்.

ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத்தில் இரும்பு கடையும் வேலை, படித்தவள் நான். வகுப்பில் ஒரே பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரு ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறோம். அத்திபெலேயில் நான்கு வருடம் இரும்பு கடைந்து சேர்த்ததில், மரம் கடையும் சின்ன லேத் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணமும் பம்பரமும் கடைவேன்.

அப்போதுதான் ஒரு கல்யாணப் பெண் நாற்பது குங்குமச் சிமிழ் கேட்டாள். அரக்குச் சாயம் வேண்டாம், மரத்தின் நிறமே போதும், மூடி மட்டும் சரியாகப் பொருந்த வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. இது நன்றாக முடிந்தால் தொழிற்சாலை வேலையை விட்டுவிடுவேன், முடியாவிட்டால் லேத்தை விற்றுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அத்திபெலே சாமில்லில் பலாக்கட்டை வாங்கினேன். காய்ந்த மரமா என்று கேட்டதற்கு இரண்டு வருடம் காய்ந்தது என்றார் மில்காரர். பத்துச் சிமிழ் கடைந்தேன். வெர்னியர் வைத்து அளந்து, தலைமுடி அளவுகூடப் பிசகாமல் மூடி போட்டேன். இரும்பில் பழகிய கை அல்லவா, அவ்வளவு திமிர். மறுநாள் காலையில் ஒரு மூடியும் ஏறவில்லை. வட்டமாக வைத்துவிட்டுப் போன சிமிழ்கள் எல்லாம் முட்டை வடிவத்தில் இருந்தன. இரும்பு எனக்கு அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

மில்காரர் பொய் சொல்லவில்லை. தச்சர்கள் வாங்குவது ஒரு அங்குலப் பலகை. அது இரண்டு வருடத்தில் காய்ந்துவிடும். நான் வாங்கியதோ தடிக்கட்டை. அது வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருந்தது; கடைந்து மெல்லிசானதும் ஒரே ராத்திரியில் காய்ந்து கோணிவிட்டது. தடியான மரத்தைக் காயவைத்து விற்க இந்த ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை.

சந்தேகம் தீர, மிச்சக் கட்டையின் நடுவிலிருந்து அப்பளம் போல ஒரு வில்லை அறுத்தேன். தங்கம் நிறுக்கும் குட்டித் தராசில் நிறுத்து, தோசைக்கல்லில் போட்டுச் சூடுபடுத்தினேன். எடை குறைவது நிற்கும்வரை திருப்பித் திருப்பிப் போட்டு நிறுத்தேன். குறைந்த எடை முழுக்க உள்ளே இருந்த தண்ணீர். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

"மரத்த வறுக்கத்தான் உன்னப் படிக்க வெச்சமா?" என்றாள் அம்மா.

எது ஏற்கெனவே காய்ந்த தடிமரம் என்று அன்று முழுவதும் யோசித்தேன். அப்பா இடிக்கப் போகும் பழைய வீடுகளின் உத்தரங்கள் நினைவுக்கு வந்தன. அவையெல்லாம் எங்கே போகின்றன என்று அவரிடம் கேட்டேன். சிவாஜிநகர் என்றார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து இறைச்சிக் கடைகளைத் தாண்டி நடந்தால் அந்தச் சந்து. பழைய கதவு, ஜன்னல், தூண், உத்தரம் எல்லாம் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கடைக்காரர் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிமிழ் செய்ய என்றதும், அதெல்லாம் பிளாஸ்டிக்கிலேயே டஜன் கணக்கில் கிடைக்குமே என்றார். பிறகு பளபளவென்று கறுத்திருந்த ஒரு தேக்கு உத்தரத்தைத் தட்டிக் காட்டினார். பங்களாவில் இருந்தது, நூறு வருடம் என்றார்.

முனை சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும் என்பதால், முனையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு வில்லை வேண்டும் என்றேன்.

"என்னா மா, என் மரத்துக்கு பிளட் டெஸ்ட்டா?"

"ஆமா பாய். பாஸானா அந்த முனைத் துண்டோட மொத்தமும் நானே எடுத்துக்கறேன்."

அந்த முனையில் துளை விழுந்திருந்தது. யாரும் வாங்காத பாகம். அதனால்தான் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன். கூடவே, மூலையில் சுண்ணாம்பு அப்பிக் கிடந்த அழுக்குத் தேக்கு உத்தரம் ஒன்றிலும் வில்லை அறுக்கச் சொன்னேன். இரண்டையும், பையில் கொண்டுவந்த குட்டித் தராசையும் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த பரோட்டாக் கடைக்குப் போனேன். சாயங்கால வியாபாரம் தொடங்கவில்லை. கல் சூடேறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கல்லில் ஒரு ஓரம் தந்தார்.

அரை மணி நேரம். பாயும் வந்து நின்றார், இரண்டு கறிக்கடைக்காரர்களும் வந்தார்கள். ஒவ்வொரு முறை நிறுத்தபோதும் தராசு காட்டிய எடையை நான் உரக்கப் படித்தேன்.

"அக்கா, இன்னிக்கு பரோட்டா எல்லாம் தேக்கு வாசம்தான் அடிக்கப்போவுது" என்றார் மாஸ்டர்.

கறுத்த உத்தரத்தின் வில்லை இருபது கிராமிலிருந்து பதினைந்துக்கு இறங்கியது. சுண்ணாம்பு உத்தரம் இருபதிலிருந்து பதினெட்டில் நின்றுவிட்டது, அதற்குமேல் அசையவில்லை. அவ்வளவு ஈரம் எத்தனை காய்ந்த மரத்திலும் இருக்கும். கறுத்தது பழைய மரமே அல்ல பாய், புதுமரத்துக்கு எண்ணெய் தடவியிருக்கிறார்கள் என்றேன். பாய் திரும்பி நடந்து போய், அந்த உத்தரத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"வித்தவன் எனக்கே டோப்பி போட்டு ஏமாத்திட்டான்" என்றார் மெதுவாக.

சுண்ணாம்பு உத்தரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆணிகளை அம்மா பிடுங்கினாள். நாற்பது சிமிழ் கடைந்து, பூட்டி வைத்துவிட்டு, ஒரு வாரம் அவற்றைத் தொடவே இல்லை. எட்டாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டு, நீயே திற என்றேன். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். நாற்பது முறையும் மூடி 'டப்' என்று உட்கார்ந்தது. கடைசியை மட்டும் இரண்டு தடவை மூடிப் பார்த்தாள்.

"வேலைய வுட்டுரு" என்றாள்.

மறுநாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணின் சித்தி தன் மகளுக்கு இன்னொரு நாற்பது கேட்டார். அதற்குள் பாயிடமிருந்து போன் வந்தது. புது லோடு இறங்கியிருக்கிறதாம், தராசோடு வர வேண்டுமாம். இப்போது மாதத்தில் இரண்டு நாள் போகிறேன். உத்தரங்களின் முனைத் துண்டுகள் எனக்கு, சோதனை அவருக்கு. தேறிய ஒவ்வொரு உத்தரத்திலும் ஒரு சீட்டு ஒட்டுகிறோம். சூட்டுக்கு முன் எடை, பின் எடை, தேதி, கீழே என் கையெழுத்து. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு வைத்தவர்கள்.

"கையெழுத்தப் பெரிசா போடு மா, கஸ்டமர் தூரத்துலயே பாக்கணும்" என்றார் பாய், முதல் சீட்டை ஒட்டும்போது.

பெரிதாகவே போட்டேன்.